எட்டாம் மாசத்துப் பிள்ளை

மணலில் ஆவன்னா எழுதிக் காட்டிவிட்டு எழும்பப் பார்த்த பத்மாவதியால் எழும்ப முடியவில்லை. ஒரு கையை நிலத்தில் ஊன்றினாள். மணல் கையை உள்ளே வாங்கியது. மற்றக் கையால், பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையின் காலைப் பிடித்தாள். வாங்கு அவள் பக்கமாகச் சாயப் பார்த்தது. புதிதாக எழுத்துப் பழகும் அரிவரிப் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"ரீச்சர், நாங்கள் இழுக்கட்டே?" என்று கேட்டாள் ஊர்த் தெய்வானையின் மூன்றாவது பிள்ளை நாகம்மா. பதிலுக்குக் காத்திராமல் நாலைந்து பேர் இரண்டு கைகளிலும் தொங்கிக்கொண்டார்கள். யாரோ ஒருவன் "அரோகரா!" என்று கத்தினான். தேர்வடம் பிடித்தவர்கள் போல எல்லோருமாக இழுக்க, பத்மாவதி ஒருவாறு எழுந்து நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு வேலிப் படலைப் பக்கம் திரும்பி, யாரும் கண்டார்களோ என்று பார்த்தாள்.

குணலட்சுமி கண்டிருந்தாள். அவள் பத்மாவதியின் புருசன் மார்க்கண்டுவின் தங்கச்சி. பத்மாவதி பிள்ளைப்பேற்று லீவில் போனதும் பதில் ரீச்சராக வரப் போகிறவள் வகுப்பைப் பார்த்துப் பழகட்டும் என்று அந்தக் கிழமை முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தென்னோலைக் கிடுகுக் கொட்டிலின் மூலையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், இன்னும் ஒரு மாசத்துக்கு மேலை கிடக்கு. இப்பவே உப்பிடியெண்டால் பேந்து என்ன செய்யப் போறியள்?"

"எனக்கு உடம்பு வாகு அப்பிடி" என்றாள் பத்மாவதி.

உடம்பு வாகு ஒன்றுமில்லை. ஒரு மாசமும் கிடையாது. இன்றோ நாளையோ என்ற நிலையில்தான் அவள் நின்றாள். அது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

கொடிகாமத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது அந்தச் சைவப் பள்ளிக்கூடம். நிலம் கொடுத்தவர் மனேச்சர் இராசநாயகத்தின் தகப்பன். அதனால் யாரை வைப்பது, யாரை நிற்பாட்டுவது என்பதெல்லாம் மனேச்சரின் வாயிலிருந்துதான் வரும். அவரும் பொல்லாத மனிதர் இல்லை. யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். "பாப்பம்" என்பார். அந்தப் "பாப்பம்" ஆமா இல்லையா என்று, அவர் மாட்டுத் திருக்கல் வண்டியில் ஏறிப் போன பிறகு ஆசிரியர்கள் கூடி நின்று யோசிப்பார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் விசயதசமி பெரிய நாள். ஊரில் பள்ளிக்கு வரும் வயதுப் பிள்ளைகளை எல்லாம் குளிப்பாட்டி, தட்டத்தில் பச்சையரிசி பரப்பிக் கொண்டு வருவார்கள். அரிவரி ரீச்சர் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அரிசியில் அகரம் எழுதுவிப்பாள். பிடித்த கை பிடித்த கைதான். பிறகு அந்தப் பிள்ளை அவளுடைய பிள்ளை. புதுச் சட்டை போட்டாலும் காட்ட வரும். காய்ச்சல் வந்தாலும் தாய் அவளிடம் சொல்லி அழுவாள். ஏடு தொடக்கிய ரீச்சரை விட்டு வேறொருத்தியிடம் பிள்ளையை இருத்தத் தாய்மார் சம்மதிக்க மாட்டார்கள். மனேச்சரும் தாய்மாரோடு மினக்கெட மாட்டார். ஆகவே விசயதசமியன்று யார் பாயில் இருந்து ஏடு தொடக்கினாளோ, வகுப்பு அவளுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்து வந்தது.

பத்மாவதிக்கு வகுப்புக் கிடைத்ததும் அப்படித்தான். அவளுக்கு முன் இருந்த இலட்சுமிப்பிள்ளை ரீச்சர் பிள்ளைப்பேற்றுக்கு லீவில் நின்றபோது, கலியாணமாகாத பத்மாவதி பதிலுக்கு வந்தாள். விசயதசமியும் வந்தது. இலட்சுமிப்பிள்ளை ரீச்சர் திரும்பி வரவில்லை. அவ விட்டுவிட்டா என்றார்கள். பத்மாவதியும் அப்படியே நம்பினாள். விட்டாவா, விடப்பட்டாவா என்ற கேள்வி, தன் வயிற்றில் பிள்ளை துடித்த பிறகுதான் அவளுக்கு வந்தது.

பொய் அவள் திட்டம் போட்டுச் சொன்னதல்ல. ஆனி உத்தரத்தன்று கோயில் வீதியில் மாமியோடு, மார்க்கண்டுவின் தாயோடு, நின்றாள். மாமி சிவக்கொழுந்து திருநீற்றை வாழையிலைத் துண்டில் மடித்துக்கொண்டிருந்தாள். மனேச்சர் எதிரே வந்து, பெண்களோடு கதைக்கும்போது எப்போதும் பார்ப்பதுபோல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை, பதில் ஆள் பாக்க வேணுமெல்லோ? எப்பவெண்டு…" என்று இழுத்தார்.

ஒன்பதாம் மாசம் தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு. உண்மையைச் சொன்னால் ஆவணி முடிவோடு வேலையை நிறுத்த வேண்டும். விசயதசமி போய்விடும்.

"தீபாவளி கழிய, ஐயா" என்றாள் பத்மாவதி. நாக்கு தானாகச் சொன்னது. ஒரு மாசத்தை ஒரு மூச்சில் விழுங்கிவிட்டது.

மாமி திருநீற்றை மடித்து முடித்து இடுப்பில் செருகினாள்.

"அப்ப விசயதசமி மட்டுக்கும் பள்ளிக்கூடத்திலை நில்லும். பதில் ஆளை நீரே கொண்டு வாரும். தெரிஞ்ச ஆளெண்டால் நல்லம்."

"கொழும்பிலை ஏதோ சட்டம் வந்திருக்காம், பிள்ளைப்பேறுக்கு நிண்டவையை விலத்தக் கூடாதெண்டு… பெரிய வாத்தியார் பேப்பரிலை பாத்தவராம்" என்று பத்மாவதி மெல்லச் சொன்னாள். அவ்வளவையும் சொல்லி முடித்ததே அவளுக்குப் பெரிய காரியம்.

மனேச்சர் சிரித்தார். "அது மில்லுகளுக்கும் தோட்டங்களுக்கும் பிள்ளை. நாங்கள் என்ன மில்லோ நடத்திறம்?"

"நான் பேந்து வரலாந்தானே, ஐயா?"

"பாப்பம், பாப்பம். இடம் எங்கை, ஓடியே போகப்போகுது?"

இடம் ஓடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவளுக்காக ஓடாமல் நிற்குமா, தன்பாட்டில் நிற்குமா? வீடு வந்து சேரும் வரைக்கும் அந்த வசனத்தை அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

பதில் ஆளுக்குக் குணலட்சுமியைக் கொண்டுபோனதும் அவளுடைய யோசனைதான். பிறத்தியாள் வந்து இருந்துவிட்டால் எழுப்ப முடியாது. வீட்டுப் பிள்ளை என்றால், ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கிணற்றில் குளிக்கிறவள், "மச்சாள், இந்தாங்கோ உங்கடை இடம்" என்று தந்துவிடுவாள். குணலட்சுமி சோதினை பாஸ்பண்ணிவிட்டு இரண்டு வருசமாக வீட்டில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் அழுதேவிட்டாள். பத்மாவதிக்கும் தான் ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது.

ஆவணியில் கலியாணத் தரகர் ஒருவர் சாவகச்சேரியிலிருந்து வந்தார். மாப்பிள்ளை நீதவான் கோட்டிலே கிளாக்கர். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவர் கேட்டது குசினிக்குள் அடுப்படியில் நின்ற பத்மாவதிக்குக் கேட்டது.

"பொம்பிளை ரீச்சரோ?"

"ஓம், ரீச்சர்தான்" என்றாள் மாமி.

"நிரந்தரமோ?"

பாக்குவெட்டி இரண்டு தரம் வெட்டிய சத்தம் கேட்டது. "எல்லாம் முருகன் விட்ட வழி" என்றாள்.

அதிலிருந்து பத்மாவதிக்குத் தன் மனசே பிடிபடவில்லை. குணலட்சுமிக்கு வகுப்பு நடத்தக் காட்டிக்கொடுக்கும்போது, பிள்ளைகள் அவள் சொல்லைக் கேட்டால், அவளில் ஏதும் பிழை கிடக்கிறதா என்று தேடினாள். கேட்காமல் கூத்தடித்தால், பாவம் அவள், திணறுகிறாளே என்று ஓடிப்போய் உதவினாள். நல்லாய் வர வேணுமா, வரக்கூடாதா? குணலட்சுமிக்கு நல்ல இடத்தில் கலியாணம் சரிவர வேணும் என்று நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தவளும் அவள்தான்.

ஊரிலும் கதை கிளம்பியது. கிணற்றடியில் ஒருத்தி, "வயித்துப் பிள்ளைக்காரி ஏடு தொடக்கினால் எழுத்தெல்லாம் உள்ளை கிடக்கிற பிள்ளைக்குத்தானாம் இறங்கும்" என்றாள்.

"அப்ப போனமுறை வெறும் வயித்தோடைதானே ரீச்சர் உன்ரை மோனுக்குத் தொடக்கினவ? அவன் என்னத்தை எழுதிக் கிழிச்சவன்?" என்று கேட்டாள் தெய்வானை. அவளுடைய மூன்று பிள்ளைகளும் பத்மாவதியின் கையால் தொடங்கியவர்கள். நாலாவது, பாக்கியம், இந்த வருசம்.

விசயதசமி வரைக்கும் பொறுத்துக்கொள் என்று பத்மாவதி ஒவ்வொரு நாளும் வயிற்றைத் தடவிச் சொன்னாள். பிள்ளை கேட்கிற மாதிரித்தான் இருந்தது. இவ்வளவு நாளும் தீபாவளி கழிய, தீபாவளி கழிய என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே பாதி நம்பத் தொடங்கிவிட்டாள்.

நவராத்திரி இரண்டாம் நாள், சரசுவதி படத்துக்கு மாவிலை கட்டக் கையை உயர்த்தியபோது இடுப்பு விட்டுப்போனதுபோல நோவெடுத்தது. வேலிகளைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு நடந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் பிள்ளை பிறந்துவிட்டது. பெட்டைப் பிள்ளை.

மருத்துவிச்சி செல்லாச்சி பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திப் பாரம் பார்த்தாள். தலை நிறைய மயிர். ஒவ்வொரு விரலாக விரித்து நகத்தைப் பார்த்தாள். விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தது.

"எத்தினையாம் மாசமெண்டு சொன்னனீ, பிள்ளை?"

பத்மாவதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அறைக்கு வெளியே மாமியின் குரல் வேலி தாண்டிக் கேட்டது. "எட்டாம் மாசம்! ஐயோ முருகா, எட்டாம் மாசத்துப் பிள்ளை! நல்லூரானே, நீதான் காப்பாத்த வேணும்!"

ஏழாம் மாசத்தில் பிறந்த பிள்ளை தப்பும், எட்டாம் மாசத்தில் பிறந்தது தப்பாது என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து வீடு ஒரு ஆஸ்பத்திரி மாதிரி ஆனது. பிள்ளையைப் பஞ்சு வைத்துச் சுற்றினார்கள். வாசலில் வேப்பிலைக் கட்டு இரட்டிப்பானது. மார்க்கண்டு கொடிகாமச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றப் போகாமல் வாசலில் குந்தியிருந்தான். பிள்ளையோ, கொட்டில் அதிரக் கத்தியது. பால் குடித்துவிட்டு ஏவறை ஏப்பம் விட்டது. பஞ்சை எல்லாம் காலால் உதைத்துத் தள்ளியது. எட்டிப் பார்த்த அயலட்டைச் சனம் மூக்கில் விரலை வைத்தது.

"எட்டாம் மாசத்திலை இப்பிடியெண்டால், பத்து மாசமும் கிடந்திருந்தால் நடந்துகொண்டெல்லோ வந்திருக்கும்!"

"சும்மா இரு. கண்ணூறு பட்டிடும்" என்று மாமி எல்லோரையும் கலைத்தாள்.

பத்மாவதி படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தன் பிள்ளை சாகப் பிறந்த பிள்ளை என்று ஊரெல்லாம் பார்க்கிறது. இல்லை என்று சொல்ல அவள் வாய் திறக்க ஏலாது.

விசயதசமியன்று விடியக் குணலட்சுமி அறை வாசலில் வந்து நின்றாள். பிள்ளைப்பேற்றுத் தீட்டால் துடக்கு வீடு என்றாலும், பத்மாவதி படுத்திருந்தது வளவுக்குள் தள்ளியிருந்த சின்ன வீட்டில். மற்றவர்கள் உள்ளே வராமல், தொடாமல், வெளியே நின்று கதைத்துவிட்டுப் போவார்கள். பெரிய வீட்டில் இருந்தாலும் குணலட்சுமிக்கும் துடக்கு உண்டுதானே என்று மனேச்சரிடம் சிலர் கேட்டார்களாம். அவர் ஐயரைக் கேட்டுவிட்டு, பிள்ளை பிறந்த அன்றிலிருந்து அவளைத் தன் தமக்கை வீட்டில் வைத்திருந்தார். அன்று அவள் அங்கேயிருந்துதான் வந்திருந்தாள். இவ்வளவுக்கு அவர் மினக்கெட்டது எதற்காக என்று பத்மாவதிக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியது.

"மச்சாள், உங்கடை மஞ்சள் சேலையை உடுக்கட்டே? றங்குப் பெட்டியிலை கிடக்கிறது. என்னட்டை நல்லது ஒண்டும் இல்லை."

ஒவ்வொரு விசயதசமிக்கும் பத்மாவதி உடுப்பது அந்தச் சேலைதான். அறைக்கு வெளியே இருந்த பெட்டிதான். துடக்குப் படாத பெட்டி.

"உடு" என்றாள்.

வேலிக்கு வெளியே தட்டங்களோடு சனம் போகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளுக்குப் பூசிய சந்தனம் உள்ளே மணத்தது. மத்தியானம் குணலட்சுமி திரும்பி வந்து தள்ளி நின்றாள். சேலை அவளுக்கு வடிவாகத்தான் இருந்தது. வலக்கை விரல்களில் அரிசித் தூளும் மஞ்சளும் ஒட்டியிருந்தன.

"என்ரை கை நடுங்கினது, மச்சாள். உங்களை நினைச்சுக்கொண்டுதான் பிடிச்சனான்."

"பிள்ளையள் அழுததுகளே?"

"இல்லை. ஒருத்தரும் அழேல்லை."

பத்மாவதி பிடிக்கும்போது ஒவ்வொரு வருசமும் இரண்டு பேராவது அழுவார்கள். பத்மாவதி தன் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"தெய்வானையக்கா மட்டும் வரேல்லை" என்றாள் குணலட்சுமி.

"ஏனாம்?"

"தெரியாது. பாக்கியத்துக்குக் காய்ச்சலோ என்னவோ."

குணலட்சுமி போகாமல் நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் போல இருந்தது. "சேலையைத் தோய்ச்சு வைக்கிறன்" என்றாள். போய்விட்டாள்.

பிறகொருநாள் பின்னேரம் மார்க்கண்டு சந்தோசமாக வந்தான். "மனேச்சர் ஐயாவைக் கண்டனான். பெரிய மனிசன்தான். எட்டாம் மாசத்துப் பிள்ளையாம், பாவம், தாய் ஒரு வருசம் ஆறுதலாய் இருந்து பிள்ளையைத் தேத்தட்டுமாம். குணலட்சுமியும் நல்லாய்ச் செய்யிறாளாம்."

"நான் தை மாசம் போறதெண்டெல்லோ இருந்தனான்."

"உந்தப் பிள்ளையை விட்டிட்டோ? உனக்கென்ன விசரே?"

"பிள்ளை நல்லாய்த்தானே கிடக்கு. நீங்களே பாருங்கோவன்."

"அது பார்வைக்கு அப்பிடித்தான் இருக்கும். எட்டாம் மாசம், பத்மா." அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு எல்லாம் உண்மை.

இடத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய், இப்போது இடத்தைப் பறிக்க வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் தைக்குப் போகலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், கோயில் வீதியில் நின்று மனேச்சருக்குப் பொய் சொன்னவள் ஆவாள். பிள்ளைகளுக்கு அகரம் பிடித்துக் கொடுக்கிறவளுக்கு அது அடுக்குமா என்று அவர் கேட்டால்? கேட்கக்கூட மாட்டார். "பாப்பம்" என்பார். சொல்லாவிட்டாலும் இடம் போகும், சொன்னாலும் போகும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு வழி இருக்கும் என்று அவள் பகலெல்லாம் தேடினாள். தலைதான் கனத்தது.

கடைசியில் மாமியிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள். அன்று மாமி அவளை வளவு மூலையில் இருத்தி வேப்பிலை அவித்த தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைத் தேய்க்கும் கை முரட்டுக் கை. ஆனால் சூடு அளவாக இருந்தது.

"மாமி…"

"போன திருவெம்பாவைக்கு நீ கோயிலுக்கு வரேல்லை" என்றாள் மாமி.

பத்மாவதி கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"தைப்பூசத்துக்கு வந்தனீ."

செம்பு தண்ணீரில் முங்கிய சத்தம் கேட்டது. "கண்ணை மூடு. தலைக்கு வாக்கப் போறன்."

சுடுதண்ணீர் தலையில் விழுந்து முகமெல்லாம் வழிந்தது. அந்த வீட்டில் மாசத்தில் மூன்று நாள் ஒருத்தி குசினிக்குள் வராமல் ஒதுங்கியிருந்தால், அது கூரையில் இருக்கிற காகத்துக்கும் தெரியும். திருவெம்பாவையின்போது ஒதுங்கியவள், தைப்பூசத்துக்கு ஒதுங்கவில்லை, கோயிலுக்கு வந்தாள். பிள்ளை அதற்கு முன்னமே தங்கிவிட்டது. இதை எண்ணிப் பார்க்கப் பள்ளிக்கூடம் போயிருக்கத் தேவையில்லை. இப்படியொரு வீட்டில் இருந்துகொண்டு மாசத்தை மறைக்கலாம் என்று எப்படி நினைத்தாள்? மனேச்சரிடம் பொய் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில், பக்கத்தில் நின்றவளை மறந்துபோனாள்.

அப்படியென்றால் கோயில் வீதியில் மாமி ஏன் பேசாமல் திருநீற்றை மடித்தாள்? மருமகளுக்காகத்தான். பிறகு ஏன் வேலி தாண்டக் கத்தினாள், எட்டாம் மாசம் என்று? அதுவும் மருமகளின் பொய்யை மூடத்தானா? இல்லாவிட்டால் கிளாக்கர் மாப்பிள்ளைக்காகவா? கண்ணைத் திறந்து மாமியின் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் வழிந்த கண்ணுக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. மாமிக்கே தெரியுமோ தெரியாது.

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்தது. ஐயர் வந்து தீர்த்தம் தெளித்தார். பிள்ளையின் தலையை மழித்துச் சந்தனம் பூசினார்கள். மொட்டைத் தலையோடு அது இன்னும் கொழுத்துத் தெரிந்தது. பெரிய வீட்டு விறாந்தையில் பாய் விரித்து அதைக் கிடத்தியிருந்தார்கள். பத்துமணி போல மனேச்சரின் திருக்கல் படலையில் வந்து நின்றது. அவர் கதிரையில் இருந்து, வெற்றிலைத் தட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையைப் பார்த்தார். பிறகு ஒருமுறை கூரையைப் பார்த்தார். திரும்பவும் பிள்ளையைப் பார்த்தார்.

"நல்லாய்த் தேறியிட்டுது" என்றார்.

"எல்லாம் நல்லூரான் கிருபை" என்றாள் மாமி, பாக்கை வெட்டிக்கொண்டு.

அப்போது படலையைத் திறந்துகொண்டு தெய்வானை வந்தாள். தலையில் பச்சையரிசித் தட்டம். கையில் பாக்கியம், எண்ணெய் வழிய வாரிய தலை, புதுச் சட்டை.

"துடக்குக் கழிஞ்சுது எண்டு அறிஞ்சன். அதுதான் வந்தனான்" என்று தட்டத்தைப் பத்மாவதியின் முன் வைத்தாள். "தொடக்கி விடுங்கோ, ரீச்சர்."

மனேச்சர் கோபுரம் இல்லாத இடத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாமரத்தைப் பார்த்தார். "ஏன், விசயதசமிக்கு வந்திருக்கலாமே. குணலட்சுமி ரீச்சர் இருந்தவதானே?"

"இருந்தவ. ஆர் இல்லையெண்டது?" என்றாள் தெய்வானை. "இவளுக்கு மூத்ததுகள் எல்லாம் பத்மாவதி ரீச்சரின்ரை கையாலை தொடங்கினதுகள்."

"இவ ஒரு வருசத்துக்கு வரமாட்டா. பிள்ளை எட்டாம் மாசத்தது" என்றார் மனேச்சர்.

தெய்வானை பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். நாலு பெற்றவள். வாயைத் திறந்தாள், மாமியைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

பத்மாவதி பாக்கியத்தை மடியில் இருத்திக்கொண்டாள். விரலைப் பிடித்தாள். அந்தச் சின்ன விரல் ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. கதவடியில் குணலட்சுமி நின்றாள். மஞ்சள் சேலை தோய்த்து மடித்தபடி அவள் கையில் இருந்தது. அன்றைக்குத் திருப்பித் தர எடுத்தாளோ, திரும்பக் கேட்க எடுத்தாளோ. அவளைப் பார்க்கக் கூடாது என்று பத்மாவதி நினைத்தாள். பார்த்தாள்.

"மாசம் நிறைஞ்ச பிள்ளைதான், ஐயா" என்றாள்.

தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "அண்டைக்கு ஆனி உத்தரத்திலை நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். விசயதசமிக்கு நிக்க வேணும் எண்டு. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நான் தைக்கு வருவன்."

மாமியின் பாக்குவெட்டி நின்றது. மார்க்கண்டு, "என்னப்பா…" என்று தொடங்கி, பாதியில் சிரித்து, சிரிப்பு எதற்கென்று தெரியாமல் நிறுத்தினான். பிறகு பாயில் கிடந்த மகளைக் குனிந்து பார்த்தான். ஒரு மாசமாகப் பார்க்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல.

மனேச்சர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "பாப்பம்" என்றுகூடச் சொல்லவில்லை.

"எழுதுங்கோவன், ரீச்சர். நல்ல நேரம் போகுது" என்றாள் தெய்வானை.

பத்மாவதி விரலை அரிசியில் வைத்தாள். தட்டம் சீமெந்து நிலத்தில் சரியாக நிற்காமல் ஒரு பக்கம் ஆடியது. பாக்கியம் பயந்து, உதட்டைப் பிதுக்கினாள். அழப் போகிறாள் என்று தெரிந்தது. அப்போது குணலட்சுமி வந்து எதிரே குந்தினாள். மஞ்சள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் முகம் குனிந்திருந்தது. வகிடு மட்டும் தெரிந்தது.

தட்டம் ஒரு பக்கம் சரியாமல் நின்றது. பிடித்திருந்த குணலட்சுமியின் கைகள்தான் நடுங்கின. அரிசி மெல்ல மெல்லச் சரிந்து, எழுத எழுத அகரத்தின் முதல் வளைவை மூடிக்கொண்டே வந்தது. பத்மாவதி விரலை எடுக்கவில்லை. அதே வளைவை மறுபடியும் தொடங்கினாள்.